ஆறரை அடித் தீர்மானம்

அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்தின் மேற்கு மூலையில் இருக்கும் ப்ரூயெட் கவுண்டி என்ற சின்ன மாவட்டத்தில் மனிதர்கள் நாலாயிரத்துச் சொச்சம், மாடுகள் ஒரு லட்சத்துக்கு மேல். மாட்டு வைத்தியர்கள் ஐந்து பேர். பல் வைத்தியர் ஒருவர்கூட இல்லை. இருந்த ஒருவரும் ஓய்வு பெற்று அரிசோனாவில் வெயில் காயப் போய்விட்டார். அதற்குப் பிறகு யாருக்காவது பல் வலித்தால் நூற்றுப்பத்து மைல் வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டும். இல்லையென்றால் அந்தப் பல்லே மனம் மாறும் வரை பொறுத்திருக்க வேண்டும்.

மாநில அரசு இரக்கப்பட்டு, நடமாடும் பல் மருத்துவமனை ஒன்றைக் கவுண்டிக்கு அனுப்பி வைத்தது. முப்பத்தாறு அடி டிரெய்லர். உள்ளே இரண்டு நாற்காலி, ஒரு எக்ஸ்ரே பெட்டி, சுவரில் சிரிக்கும் குழந்தையின் படம். வாரம் ஓர் ஊரில் போய் நிற்க வேண்டும். டாக்டரை மாநிலமே அனுப்பும். இழுத்துப் போக, பின்னால் திறந்த தொட்டி வைத்த ஒரு பிக்கப் வண்டி மட்டும் கவுண்டி வாங்கிக்கொண்டால் போதும். விஷயம் இவ்வளவுதான். இதற்கு ஒன்பது மாதம் ஆயிற்று.

வண்டியை ஓட்டப் போவது லடோனா கோவாரிக் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. சாலைத் துறையில் இருபத்திரண்டு வருஷம் பனி தள்ளும் லாரி ஓட்டியவள். எவ்வளவு பெரிய டிரெய்லரையும் பின்னோக்கிச் செலுத்தி, சொன்ன இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் இறங்குவாள். இதில் அவளுக்குச் சொந்த அக்கறையும் இருந்தது. அவளும் கணவன் வெண்டலும் வசிப்பது வெல்பி என்ற சிற்றூரில். வெண்டலுக்குக் கீழ்வரிசையில் நாலு பல் சொத்தை. ஈஸ்டரிலிருந்து மசித்த உருளைக்கிழங்கில் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தான்.

"வண்டி எப்ப வருமாம்?" என்று தாடையைப் பிடித்துக்கொண்டு தினமும் கேட்பான்.

"படிவம் நிரப்பிக்கிட்டிருக்காங்க."

"என் பல்லு அதுக்குள்ள தானா விழுந்திரும்போல இருக்கே."

"விழுந்தா நல்லதுதான். ஒரு படிவம் மிச்சம்."

படிவத்தில் பதினான்காவது கட்டத்தில்தான் எல்லாம் மாட்டிக்கொண்டது. 'வண்டியின் பின்தொட்டி நீளம்' என்று அதில் கேட்டிருந்தது. கடையில் இரண்டு நீளம் கிடைக்கிறது: ஆறரை அடி, எட்டு அடி. கொள்முதல் அதிகாரி ப்ரென்ட் ஆல்ட்ஹவுஸ் சொந்தப் பொறுப்பில் ஒரு பென்சில்கூட வாங்கி அறியாதவர். கட்டத்தைக் காலியாக விட்டு, கோப்பைக் கவுண்டி வாரியக் கூட்டத்துக்கு அனுப்பினார்.

வாரியத் தலைவர் கேலன் ஸ்ட்ராட்மேன் பெரிய தொப்பியும் பெரிய பெல்ட் பக்கிளும் அணிந்தவர். மாடு மேய்ப்பவரைப் போலவே இருப்பார். தொழில் காப்பீடு விற்பது.

"எட்டடி வாங்குங்க தலைவரே," என்றாள் லடோனா. "இது பம்பர்ல கொக்கி போட்டு இழுக்கற டிரெய்லர் இல்ல. இதோட மூக்கு தொட்டிக்குள்ள வந்து, பின்சக்கரத்துக்கு மேல இருக்கற தட்டுல உக்காரும். அந்தத் தட்டுக்கு ஐந்தாம் சக்கரம்னு பேரு."

ப்ரென்ட் நிமிர்ந்தார். "ஐந்தாம் சக்கரமா? நாலு சக்கர வண்டிக்குத்தானே அனுமதி வாங்கியிருக்கோம்?"

"அது சக்கரம் இல்ல சார். பேருதான் சக்கரம்."

"பேரு சக்கரம்னா பட்டியல்ல சக்கரம்னுதான் எழுதணும்."

எழுதிக்கொண்டார். லடோனா மூச்சை இழுத்து விட்டுத் தொடர்ந்தாள். "குட்டைத் தொட்டின்னா மூக்குக்கும் நம்ம முதுகுக்கும் நடுவுல இடமே இருக்காது. நேராப் போகும்போது ஒண்ணும் தெரியாது. ஒடிச்சுத் திரும்பினா டிரெய்லரோட மூலை வந்து பின்கண்ணாடியில இடிக்கும்."

தலைவர் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார். யோசிக்கும்போது அப்படிச் செய்வார். "எத்தனை தடவை திரும்புவோம்?"

"ரோடு திரும்பறப்பல்லாம் திரும்புவோம்."

"அது தெளிவான எண்ணிக்கை இல்லையே."

உண்மையான சிக்கல் திருப்பத்தில் இல்லை. கவுண்டி அலுவலகம் இருக்கும் நீதிமன்றக் கட்டடத்துக்கு முன்னால், அரசு வண்டிகள் நிற்கும் இடத்தில் வெள்ளைக் கோட்டுக்குள் இருபத்தோரு அடி இருக்கிறது. எட்டடித் தொட்டி வைத்த வண்டி கோட்டைத் தாண்டி ஒன்றரை அடி நீட்டிக்கொண்டு நிற்கும். கோட்டைத் தாண்டி நிற்கும் வண்டிக்கு அபராதம் என்று சட்டம் கொண்டு வந்தவர் சாட்சாத் தலைவரேதான். கோட்டை அழித்துப் புதிதாகப் போடலாமே என்றாள் லடோனா. பெயின்ட் வேறு துறை என்றார் ப்ரென்ட்.

இரண்டாவது சிக்கல் பொதுமக்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நூறு பேர் வந்திருந்தார்கள். வாசலில் நின்ற பிக்கப்புகளில் எழுபதுக்குக் குறையாது குட்டைத் தொட்டி. உள்ளே சோபா மாதிரி பின்சீட், வெளியே பளபளப்பு, தொட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. அந்தப் பக்கத்தில் இப்போது அதுதான் மோஸ்தர்.

"எட்டடித் தொட்டி பாக்க நல்லா இருக்காதும்மா," என்றார் ஒருவர். "சவப்பெட்டி ஏத்தற வண்டி மாதிரி இருக்கும்."

"வேலைக்காரன் வண்டி மாதிரின்னு சொல்லு," என்றார் இன்னொருவர்.

"வேலைக்குத்தானேய்யா வாங்கறோம்?" என்று கத்தினாள் லடோனா.

அதைக் குறிப்பேட்டில், 'ஓர் உறுப்பினர் அல்லாதவர் உணர்ச்சிவசப்பட்டார்' என்று ப்ரென்ட் பதிவு செய்தார்.

விஞ்ஞானப்பூர்வமாக முடிவு எடுப்பதென்று வாரியம் தீர்மானித்தது. மாநிலத் தலைநகர் லிங்கனிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். கவுண்டியின் எல்லா சாலைகளையும் மைல் மைலாக அளந்து, எழுபது பக்க அறிக்கை கொடுத்தார். கவுண்டிச் சாலைகளின் சராசரித் திருப்பம் இரண்டு டிகிரி. ஆறரை அடித் தொட்டி நாற்பத்தைந்து டிகிரி வரை தாங்கும். ஆகவே தேவைக்கு மேல் இருபத்திரண்டு மடங்கு பாதுகாப்பு இருக்கிறது என்று தடித்த எழுத்தில் முடித்திருந்தார்.

லடோனா அறிக்கையைக் கையில் தூக்கிக் காட்டினாள். "அறுபது மைல் நேரா போற ரோட்டுல கடைசியா ஒரு திருப்பம். சராசரி ரெண்டுதான் வரும். ஆனா கண்ணாடி சராசரியாவா உடையும்? அந்த ஒரு திருப்பத்துலதான் உடையும்!"

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்று ஆலோசகர் மரியாதையாகக் கேட்டார்.

கடைசி முயற்சியாக, குட்டைத் தொட்டிதான் வேண்டுமென்றால் நகரும் தட்டாவது வாங்குங்கள் என்றாள். திரும்பும்போது அந்தத் தட்டு பின்னால் சறுக்கி, மூக்குக்கு இடம் கொடுக்கும். ப்ரென்ட் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். தட்டு 'நிலையான உபகரணம்' என்ற தலைப்பில் வருகிறது. நகர்ந்தால் நிலையானது ஆகாது. நகரும் பொருளுக்கு நம்பர் பிளேட் வேண்டும்.

ஆறரை அடி ஒருமனதாக நிறைவேறியது.

வண்டி செப்பு நிறத்தில் வந்தது. அழகாகத்தான் இருந்தது. வெள்ளைக் கோட்டுக்குள் கச்சிதமாக நின்றது. தலைவர் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். தொடக்க விழாவுக்கு முதல் ஊராக வெல்பி தேர்வானது. லடோனா ஓட்ட, பக்கத்து சீட்டில் ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு தலைவர் உட்கார்ந்தார். அறுபது மைலும் வண்டி தேர் மாதிரி போயிற்று.

"பாத்தீங்களா? ஒண்ணுமே ஆகல," என்றார் தலைவர்.

"இன்னும் திரும்பவே இல்லையே தலைவரே."

வெல்பிக்குள் நுழையும் இடத்தில், தானியக் கிடங்கின் மைதானத்துக்குள் புகுந்து, ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி, பெரிய வட்டமடித்துத் திருப்பினாள். பிழைத்தார்கள். பள்ளிக்கூட வாசலில்தான் வினை காத்திருந்தது. மேளக்குழு ஒரு பக்கம், பத்திரிகைக்காரர் மறுபக்கம், நடுவே ரிப்பன். டிரெய்லரை ஒடித்துப் பின்னுக்குத் தள்ளினால்தான் ரிப்பனுக்கு நேராக நிற்கும்.

"இப்படியே நேரா நிறுத்திடறேன். ரிப்பனை இந்தப் பக்கம் கொண்டு வரச் சொல்லுங்க," என்றாள் லடோனா.

"நிகழ்ச்சி நிரல்ல ரிப்பன் அங்கதான் இருக்கு. ஒடிங்க."

"இடிக்கும்."

"இருபத்திரண்டு மடங்கு பாதுகாப்பு இருக்கும்மா! ஒடிங்க!"

"நீங்க அந்தக் கத்தரிக்கோலையாவது கீழ வைங்க," என்று சொல்லிவிட்டு ஒடித்தாள்.

டிரெய்லரின் மூலை நிதானமாக, விருந்தாளி கதவைத் தட்டுவதைப் போல வந்து பின்கண்ணாடியைத் தொட்டது. அடுத்த கணம் கண்ணாடி முழுதும் பொடிப் பொடியாகி உள்ளே கொட்டியது. தலைவர் பதறி முன்னால் சாய்ந்து, டேஷ்போர்டில் வாயை மோதிக்கொண்டார். முன்பல் ஒன்று பாதியாக ஒடிந்தது.

நல்லவேளையாகப் பல் டாக்டர் இருபதடி தூரத்தில், வெள்ளை அங்கியுடன் நின்றிருந்தாள். அவள் ஓடி வர, ப்ரென்ட் குறுக்கே கையை நீட்டினார்.

"இன்னும் திறப்பு விழா நடக்கல டாக்டர். திறக்காத மருத்துவமனையில சிகிச்சை தர விதியில இடமில்லை."

ஆகவே தலைவர் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு ரிப்பன் வெட்டினார். "இந்த ஸுபதினத்தில்" என்று தொடங்கி, ஒடிந்த பல்லிடுக்கில் காற்றுச் சீற, ஸகரத்திலேயே முழு உரையையும் நிகழ்த்தினார். வெல்பி மக்கள் கண்ணில் நீர் வரக் கேட்டார்கள். பிறகு முதல் நோயாளியாக உள்ளே போனார். இரண்டாவது நோயாளி வெண்டல்.

லடோனா பத்தே நிமிஷத்தில் பிக்கப்பைக் கழற்றி, ஒர்க்ஷாப்புக்கு அனுப்பினாள். ஆனால் இனி அந்த வண்டி எந்த டிரெய்லரையும் இழுக்கக் கூடாது என்று காப்பீட்டுக்காரர்கள் எழுதிவிட்டார்கள். அதனால் டிரெய்லர் வெல்பி பள்ளிக்கூட வாசலிலேயே நின்றது. ஒரு வாரம் நிற்க வேண்டியது ஒரு மாதம் நின்றது. பிறகு இலை உதிர்ந்தது, பனியும் விழுந்தது. சுற்றுவட்டாரத்தில் இருந்த மற்ற ஊர்க்காரர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெல்பிக்கு வண்டி ஓட்டி வந்தார்கள். மருத்துவமனை நடமாடுகிறதா என்று மாநிலத்திலிருந்து கேட்டு எழுதியிருந்தார்கள். 'நடமாட்டம் குறைவின்றி உள்ளது. அதை நோயாளிகள் மேற்கொள்கிறார்கள்' என்று ப்ரென்ட் பதில் அனுப்பினார். மாநிலம் திருப்தி தெரிவித்தது.

வெல்பியில் இதற்குள் வாழ்க்கையே மாறிவிட்டது. காத்திருக்கும் நோயாளிகளால் காபிக் கடையில் கூட்டம் தாளவில்லை. குழந்தைகள் பள்ளிக்கூட இடைவேளையில் பல்லைக் காட்டிவிட்டு வந்தார்கள். வெண்டலுக்கு மூன்று பல் முடிந்து, நாலாவதற்கு வேர்ச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை அவன் பச்சை கேரட்டைக் கடித்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டு லடோனா இன்னொரு கேரட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

தலைவருக்கோ ஞானம் பிறந்துவிட்டது. கட்டின பல்லால் சிரித்துக்கொண்டே, எட்டடி வண்டி வாங்க அவரே தீர்மானம் கொண்டு வந்தார். தான் போட்ட சட்டத்தைத் திருத்தி, வெள்ளைக் கோட்டையும் நீட்டத் தயாராயிருந்தார். நிபுணர் என்ற முறையில் கருத்துச் சொல்ல லடோனாவைக் கூப்பிட்டார்கள். ஒரு வருஷமாக அவள் கேட்டதெல்லாம் தட்டில் வைத்து நீட்டப்பட்டது.

அன்று காலை அவள் வீட்டு வாசலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தாளோடு வந்தார். எட்டடி வண்டி வேண்டாம் என்று வெல்பி மக்களின் மனு. நூற்று எண்பது கையெழுத்து.

"நல்ல வண்டி வந்தா டிரெய்லர் நம்ம ஊரை விட்டுக் கிளம்பிடும் லடோனா. அவ்வளவுதான் விஷயம்," என்றார் அவர்.

அவள் படித்துப் பார்த்தாள். பதினேழாவது கையெழுத்து வெண்டலுடையது.

"நீயுமா?"

"இன்னும் ஒரு பல்லு இருக்கே," என்றான் வெண்டல், தரையைப் பார்த்துக்கொண்டு.

கூட்டம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் வெல்பிக்காரர்கள். பின்வரிசையில் வெல்பிக்கு எழுபது மைல் தள்ளியுள்ள ஆர்ம்ஸ்பியிலிருந்து வந்தவர்கள். அந்த ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஐமோஜீன் ரஸ்க் ஒரு கன்னம் வீங்கி, கம்பளித் துணி சுற்றி உட்கார்ந்திருந்தாள். அடுத்த முறை தங்கள் ஊருக்குத்தான் என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அவள் லடோனாவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

"சொல்லுங்க லடோனா," என்றார் தலைவர் பெருந்தன்மையோடு. "முதல்லயே சரியாச் சொன்னவங்க நீங்கதான். எட்டடி வாங்கலாமா?"

லடோனா எழுந்தாள். எட்டடி என்று சொல்லத்தான் எழுந்தாள். வாயும் திறந்தது. முன்வரிசையில் வெண்டல் கீழ்த்தாடையை மெல்லத் தடவிக்கொண்டான்.

"எட்டடி நல்ல நீளந்தான் தலைவரே," என்றாள். "ஆனா அவசரப்பட வேண்டாம்னு தோணுது. காத்து எந்தப் பக்கம் அடிக்குது, எடை எப்படி விழுது, எல்லாத்தையும் பாக்கணும். எதுக்கும் ஒரு குழு போட்டு ஆராய்ஞ்சிட்டா நல்லது."

ப்ரென்ட் எழுந்து நின்று கைதட்டினார். அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

லடோனா தலைமையில் ஐவர் குழு அமைந்தது. முதல் கூட்டத்தை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டார்கள். அவள் விரல் விட்டு எண்ணினாள். வெண்டலின் வேர்ச் சிகிச்சையில் மிச்சம், அதன் மேல் மூடி, மூடி இறுக ஒரு மாதம்.

"மார்ச்சுக்கு அப்புறம் பாக்கலாம்."

வெளியே வரும்போது ஐமோஜீன் படியில் அவளை வழிமறித்தாள். வீக்கத்தால் பேச்சு பாதிதான் வந்தது.

"உங்களைத்தானே நம்பினோம் லடோனா? எங்க ஊருக்கு எப்பத்தான் வரும்?"

லடோனா கையுறையை மாட்டிக்கொண்டாள். அவள் கண்ணைப் பார்க்காமல், ரொம்பக் கனிவான குரலில் சொன்னாள்:

"பரிசீலனையில இருக்கும்மா."