மச்சானுக்கு வேலை தேடிய என் செல்போன்

இந்த ஆடி முடிவதற்குள் பார்த்திபனை ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்பியே தீருவது என்று முடிவெடுத்தேன்.

பார்த்திபன் என் மனைவி துர்காதேவியின் ஒரே தம்பி. டிப்ளமா முடித்த கையோடு, வேலை தேடுகிறேன் என்று எட்டு மாதத்துக்கு முன் ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தான். தேடுகிறான். சோபாவில் படுத்துத் தேடுகிறான். ஃபேனுக்கு நேர் கீழே தேடுகிறான்.

பொய் சொல்லக்கூடாது, நல்ல பையன். ஏழு இன்டர்வியூ போய் ஏழும் ஊத்திக்கொண்டதில் முகமே சுண்டிப்போய்விட்டது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் துர்கா மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டு அவனுக்கு, வால் எனக்கு. ஒரு மனுஷன் எத்தனை மாதம்தான் வாலையே தின்பான்?

நான் வேலைக்குப் போகும் கல்பாக்கம் அணுமின் நிலைய ஸ்டாஃப் பஸ்ஸில் பக்கத்து சீட் தேவசகாயம்தான் வழி சொன்னார். ஒரு நம்பருக்கு மிஸ்டு கால் கொடுக்கணும். அவர்களே திருப்பிக் கூப்பிட்டு விவரம் கேட்பார்கள். அப்புறம் ஆள் தேவைப்படும் கம்பெனிக்காரர்கள் நேராக நம் போனுக்கே வருவார்கள்.

அன்று சாயந்திரமே மொட்டை மாடிக்குப் போய்க் கொடுத்தேன்.

"எந்த ஊரில் வேலை செய்ய விருப்பம்?" என்றது திருப்பிக் கூப்பிட்ட பெண் குரல்.

"ஊரப்பாக்கம் தவிர எந்த ஊரும்."

நம்பர் கேட்டபோது என் நம்பரையே கொடுத்தேன். அவன் நம்பரைக் கொடுத்தால் அக்காவிடம் ஓடுவான். அக்கா அழுவாள். ராத்திரி உப்புமாதான்.

ஒன்பது நாள் ஆயிற்று. நான் சாயந்திரம் வீட்டுக்கு வந்து போனை எடுத்து உலுக்கிக்கூடப் பார்த்தேன்.

"இன்னாய்யா உன் நம்பரு? ஒரு காக்கா கூட கூப்ட மாட்டேங்குதே?" என்று பஸ்ஸில் தேவசகாயத்தைப் பிடித்தேன்.

"எங்க தெருவுல நாலு பசங்களுக்கு கெடச்சிதே சார்! பகல்ல போனை கையிலயே வெச்சிக்கினு கீறீங்களா?"

"அப்புறம்? இதோ..." என்று சட்டைப் பையில் கை விட்டேன். அடையாள அட்டை வந்தது.

எங்கள் ஆபீஸ் கேட்டுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. பத்து வருஷமாக என் போன் பகலில் ஃப்ரிட்ஜ் மேல்தான் இருக்கிறது. அந்த ஃப்ரிட்ஜ் பக்கத்தில் துர்கா இருக்கிறாள்.

அடப்பாவி தர்மராஜ் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

சாயந்திரம் ஓடினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எதுனா போன் வந்திச்சா?"

"வந்துகினேதான் கீது. மொதல்ல ஓசூர்காரன். ஹாஸ்டல்ல இன்னா சாப்பாடுன்னு கேட்டேன். மூணு வேளையும் சப்பாத்தியாம். வேணாம்னுட்டேன்."

"ஐயோ!"

"திருப்பூர்காரன் பன்னெண்டு மணி நேரம் நிக்கணும்னான். உன் புள்ளய அப்டி நிக்க வெப்பியான்னு கேட்டேன். போனை வெச்சிட்டான்."

"நீ யாருன்னு கேக்கலியா?"

"பையனோட மேனேஜர்னு சொன்னேன். அப்புறம் ஒரே மேடம், மேடம்தான்."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீங்க சொன்னீங்களா? ஊரப்பாக்கம் தவிர எந்த ஊரும்னு குட்த்துகீறீங்களே, அந்த ஓசூர்காரன் படிச்சிக் காட்டிட்டான்."

நானும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.

அதற்குள் பார்த்திபன் ஓடி வந்தான். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"மாமா! எடுத்துட்டாங்க! மறைமலை நகர்ல, கார் பார்ட்ஸ் கம்பெனி! பி.எஃப்., கேன்டீன் எல்லாம் கீது. அக்காதான் முந்தாநேத்து இன்டர்வியூக்கு அனுப்பிச்சி." தடாலென்று என் காலில் விழுந்தான். "எனக்கோசரம் நீங்கதான் ரகசியமா பேரு குட்த்தீங்களாமே? ஆயுசுக்கும் மறக்க மாட்டேன் மாமா!"

துர்காவைப் பார்த்தேன். காட்டிக்கொடுக்கவில்லை, மகராசி! எட்டு மாதமாகச் சுண்டிக் கிடந்த முகம் இப்படிச் சிரித்ததில் எனக்கே கண் கலங்கிவிட்டது. வெங்காயம் என்று சமாளித்தேன்.

"மறைமலை நகர்னா நம்ம வூட்லேர்ந்து போறதுதான் வசதி," என்றாள் துர்கா. "இனிமே அவன் இங்கியேதான். மொத ஷிப்டு. கம்பெனி பஸ்சு அஞ்சேகாலுக்கு கூடுவாஞ்சேரி வருது."

"இங்கேர்ந்து கூடுவாஞ்சேரிக்கு?"

"உங்க பைக்குதான் கீதே!"

தினமும் விடிவதற்குள் எழுந்து அவனைக் கொண்டுபோய் விடும் வேலையை, இன்டர்வியூகூட வைக்காமல் எனக்கே கொடுத்துவிட்டாள்.