ஒரிஜினல்காரரின் பம்ப்

லாரி வைத்திருக்கும் மனிதர்களில் இரண்டு சாதி உண்டு. லாரியை ஓட்டுகிறவர்கள் ஒன்று. லாரிக்கு உதிரிப் பாகம் தேடுகிறவர்கள் மற்றொன்று. முதல் சாதியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவர்கள் ஹாரன் அடித்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். நமக்கு வேண்டியவர் இரண்டாமவர். அதிலும், ஏதோ ஒரு பழைய போரில் ஏதோ ஒரு ராணுவத்துக்கு மூட்டை சுமந்து, பிறகு ஏலத்தில் போய், செங்கல் ஏற்றி, மணல் ஏற்றி, கடைசியில் கோழி முட்டையிடும் கூடாகிவிட்ட லாரியை வீட்டுக்கு இழுத்துவந்து, 'தொழிற்சாலை வாசலைத் தாண்டின அன்றைக்கு எப்படி இருந்ததோ, அப்படியே ஆக்கிக் காட்டுகிறேன்' என்று கிளம்புகிற அபூர்வப் பிறவி. இவருக்கு ஒரிஜினல்காரர் என்று பெயர் வைக்கலாம். நாம் வைக்க வேண்டியதில்லை. அவருடைய தெருவில் எப்போதோ வைத்துவிட்டார்கள்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். பழைய ராணுவ வண்டிகளின் கண்காட்சியில் எல்லோரும் வண்டிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். இவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பார். காவலாளி பதறிப்போய்க் காலைப் பிடித்து இழுத்து, "சார், என்ன சார், மயக்கமா?" என்றால், "இல்லப்பா, இந்த நட்டு அந்தக் காலத்து நட்டான்னு பாக்கறேன்" என்பார். பழைய இரும்புக் கடையில் தனக்கு வேண்டிய பாகத்தைக் கண்டுவிட்டால் அதன் பக்கம் திரும்பவே மாட்டார். திரும்பினால் கடைக்காரர் உஷாராகிவிடுவாராம். மூலையில் கிடக்கும் ஒரு வாளியைக் காட்டி அதற்கு மும்முரமாகப் பேரம் பேசி, கிளம்பும்போது, "சரி, அந்தத் துருப்பிடிச்ச சனியனையும் இதுக்குள்ள போடு" என்பார். கடைக்காரருக்கும் இது தெரியும். அதனால்தான் ஒரிஜினல்காரர்கள் வீட்டில் இத்தனை ஓட்டை வாளிகள்.

தகவல் விஷயத்தில் இவர்கள் இன்னும் கெட்டி. சட்டையைக் கேட்டால் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள், தகவலைக் கேட்டால்?

"இந்த விளக்கு மூடி எங்க கெடச்சுது?"

"ஒரு எடத்துல."

"எந்த எடம்?"

"தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட."

"யாரு?"

"அவர் இப்ப இல்ல."

அந்த மனிதர் செத்துப்போய்விட்டாரா, கடைத்தெருவுக்குப் போயிருக்கிறாரா என்பது கடைசிவரை தெரியாது.

நம் கதையின் ஒரிஜினல்காரர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவர். மயிரிழை பிசகாமல் கோடு போட்டுப் பழகியவர். ஆனால் நாம் பார்க்க வேண்டியது அவரை அல்ல, அவருடைய மனைவியை. இந்தப் பிறவியை வெளியிலிருந்து பார்க்கிற நமக்குச் சிரிப்பு வரும்; கூடவே குடித்தனம் நடத்துகிறவளுக்கு வேறு என்னென்னவோ வரும்.

அவள் தையற்காரி. தையல் இயந்திரங்கள் வாசல் நடையில் இருந்தன. மழை சாய்ந்து அடித்தால் தைப்பதை நிறுத்திவிட்டு இயந்திரங்களுக்குப் போர்வை போர்த்த வேண்டும். துணி வெட்டுவதற்குக் கட்டில். கட்டிலில் யாராவது படுத்திருந்தால் தரை. வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட நல்ல கொட்டகை ஒன்று இருந்தது. காற்று, வெளிச்சம், மின்சாரம் எல்லாம் உண்டு. அதில் லாரி இருந்தது.

அந்த வருடம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை, எல்லா வகுப்புக்கும் சீருடை தைக்கும் வேலையை அவளுக்கே கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை. "ஒரு நாள் வந்து பார்ப்பேன்மா. துணி வெட்ட மேஜை இருக்கணும், தைக்க ஒழுங்கான எடம் இருக்கணும். நனைஞ்ச துணியப் பிள்ளைங்களுக்குக் குடுக்க முடியாது." பள்ளி திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மழையும்தான்.

லாரியைக் கட்டி இழுத்து வெளியே விட்டுவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவளும் கேட்டாள்.

"கட்டி இழுத்தா அது பொணம். தானா ஓடிப் போனாத்தான் வண்டி" என்றார் ஒரிஜினல்காரர். இது அவருடைய சொந்த வசனமல்ல, கர்னலுடையது. கர்னல் என்பவர் இந்த ஊர் ஒரிஜினல்காரர்களின் குழுத் தலைவர். ராணுவத்தில் இருந்ததில்லை, மொத்த ஜவுளிக் கடையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். மீசையால் கர்னல். தன்னுடைய காலி மனையில் குழுவின் வண்டிகளை நிறுத்த இடம் கொடுத்திருந்தார், ஆனால் தன் காலில் ஓடி வரும் வண்டிக்கு மட்டும்தான். அந்த மனையில் புல் நன்றாக வளர்ந்திருந்தது.

லாரி ஓடுவதற்கு எல்லாம் தயார். ஒன்றே ஒன்று பாக்கி. டாங்கியிலிருந்து பெட்ரோலை இஞ்சினுக்கு இழுத்துக் கொடுக்கும் பம்ப். கையில் அடங்குகிற சாமான். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "பழைய காய்கறி வேன் பம்ப் ஒண்ணு எங்கிட்ட சும்மா கெடக்கு சார். அப்படியே உக்காரும். இன்னிக்கே ஓட்டிட்டுப் போயிடலாம்" என்றார்.

ஒரிஜினல்காரர் காதைப் பொத்திக்கொண்டார். "காய்கறி வேனா? போருக்குப் போன வண்டிக்கா?"

"போருக்குப் போனப்ப வேற பம்ப் இருந்துச்சு சார். இப்ப எந்தப் பம்ப்பும் இல்ல."

"அதுக்காக? ஒரிஜினல்னு ஒண்ணு இருக்கில்ல?"

"ஏங்க, வெளியிலேர்ந்து பாத்தா யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் மனைவி.

"எனக்குத் தெரியுமே!"

இந்த ஒரு வார்த்தையில் இவர்களுடைய மொத்தப் பெருமையும் அடங்கியிருக்கிறது. உண்மையில் இவருக்குத் தெரியுமா? அசல் பம்ப்பை இவர் கண்ணால் பார்த்ததில்லை. குழுவில் யாரும் பார்த்ததில்லை. பார்க்காத ஒன்றைப் பற்றிக் குழுவில் மாதக்கணக்கில் வாதம் நடந்துகொண்டிருந்தது. கண்ணாடி மூடி போட்டதா, இரும்பு மூடியா என்பதில் இரண்டு பேர் பேச்சுவார்த்தையையே நிறுத்திவிட்டார்கள். இது கிறுக்குத்தனம் என்று சிரிக்கலாம். ஆனால் கையில் இருக்கும் வேலையை ஒருவன் செய்வானா என்று பார்க்காமல், அவன் கையில் என்ன காகிதம் வைத்திருக்கிறான் என்று பார்க்கும் நேர்முகத் தேர்வுகளுக்குப் போய் வந்தவர்கள் கொஞ்சம் மெதுவாகத்தான் சிரிப்பார்கள்.

தையற்காரி சிரிக்கவில்லை. யோசித்தாள். இத்தனை வருடம் பக்கத்தில் இருந்து பார்த்ததில் அவளுக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. 'இது அசல்' என்று சொல்கிறவனை இவர் நம்ப மாட்டார். 'இது என்ன எழவென்றே தெரியவில்லை' என்று சொல்கிறவனைத்தான் நம்புவார். விஷயம் தெரிந்தவன் ஏமாற்றுவான். தெரியாதவனை இவர் ஏமாற்றலாம் அல்லவா?

மறுநாள் அவள் மெக்கானிக்கிடம் போனாள்.

"அண்ணே, அந்தக் காய்கறி வேன் பம்ப்ப எனக்குக் குடுங்க. பச்சை பெயிண்ட் இருக்கா?"

"இருக்கு. எதுக்கும்மா?"

"இரும்புல நம்பர் குத்துற அச்சு?"

மெக்கானிக் அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு அச்சையும் சுத்தியலையும் எடுத்து வந்தார். "என்ன நம்பர் அடிக்கணும்?"

அதை அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. எண் என்றதும் தையற்காரிக்கு வாயில் வருவது அளவு. அதிலும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பாத அளவு ஒன்று உண்டு. கழுத்து பதினாறு, தோள் பதினெட்டு, மார்பு நாற்பத்து மூன்று. கட்டின புருஷனின் சட்டை அளவு.

"பதினாறு, பதினெட்டு, நாப்பத்தி மூணு" என்றாள்.

பெயிண்ட் காய்ந்ததும் அங்கங்கே சுரண்டிவிட்டாள். பழுப்புக் காகிதத்தைக் கொதிக்கும் தேநீரில் முக்கி வெயிலில் உலர்த்தினாள். பம்ப்புக்கு வண்டி மசகைத் தாராளமாகப் பூசி, காகிதத்தில் சுற்றி, கைவிடப்பட்ட ஒரு மரப் பெட்டியில் வைத்தாள். வெளியூரில் இருக்கும் தம்பியிடம் அனுப்பி, அவன் பெயரில் அல்லாமல் வேறொரு பெயரில் ஒரிஜினல்காரர்களின் கைப்பேசிக் குழுவில் சேரச் சொன்னாள். அவன் ஒரு மங்கலான படத்தைப் போட்டு, அக்கா சொன்ன வாக்கியத்தை எழுத்துப் பிசகாமல் எழுதினான்: 'கிடங்கு காலி பண்றோம். இது என்னன்னு தெரியல. பச்சையா இருக்கு. தூக்கிப் போட்டுடலாமா?'

குழுவில் ஒரு சத்தமில்லை. ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. ஏன் தெரியுமா? எல்லோரும் தனித்தனியாக அவனுக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கூடத்தில் ஒரிஜினல்காரர் கைப்பேசியின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார். நடையில் தைத்துக்கொண்டிருந்த மனைவியின் கைப்பேசிக்குத் தம்பி ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருந்தான். கணவரின் கடிதம் இப்படி இருந்தது: 'ஐயா, அது ஒன்றுக்கும் உதவாத பொருள். பழைய தண்ணீர்க் குழாயின் பாகம். குப்பையில் போட்டு உங்களுக்கு ஏன் சிரமம்? எனக்கு அனுப்பிவிடுங்கள், மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்துக்கொள்கிறேன்.' கர்னலும் ஏறக்குறைய இதையேதான் எழுதியிருந்தார். அவருக்கு அது கதவுக்கு முட்டுக் கொடுக்க வேண்டுமாம்.

"என்னங்க, ரொம்ப மும்முரமா இருக்கீங்க?"

"ஆபீஸ் வேலை" என்றார் அவர், தலை நிமிராமல்.

பெட்டி வந்தது. ஒரிஜினல்காரர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். இந்த மனிதர் சாப்பிடுவதற்கு முன்னால் அப்படிக் கழுவி அவள் பார்த்ததில்லை. காகிதத்தை விரித்து முகர்ந்தார். கட்டிலில் வெட்டிய துணிகள் மழை ஈரம் பட்டு மடங்கிக் கிடந்தன. தலைமை ஆசிரியை வருவதாகச் சொன்ன நாள் நாளைக்குத்தான்.

"தேயிலை வாசனை வருதே?" என்றார் அவர்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "கரெக்ட்! கப்பல்ல தேயிலைப் பெட்டியோட ஏத்தி வந்திருக்கும். போர்க்காலத்துல அப்படித்தான் அனுப்புவாங்க."

பூதக்கண்ணாடியை எடுத்தார். கட்டை விரலை நாக்கில் தொட்டுப் பெயிண்டைத் தேய்த்தார். பிறகு எண்ணில் வந்து நின்றார். நெற்றி சுருங்கியது. வெகுநேரம் அதையே பார்த்தார். "இந்த நம்பர..." என்று இழுத்தார். "இந்த நம்பர நான் எங்கயோ பாத்திருக்கேன்."

தையற்காரியின் கையிலிருந்த கத்தரி நின்றுவிட்டது. பார்த்திருக்கத்தான் செய்வார். இத்தனை வருடமாக அவருக்குத் தைக்கிற ஒவ்வொரு சட்டைக் காலரின் உள்பக்கத்திலும் அவ்வப்போதைய அளவை மார்க்கர் பேனாவால் எழுதிச் சிறு துணி ஒட்டுப் போடுவது அவள் பழக்கம். அந்த நேரத்தில்கூட அந்த எண் அவருடைய பிடரியில்தான் இருந்தது.

"எங்கங்க பாத்தீங்க?" என்றாள்.

"பழைய புத்தகத்துலதான். வேற எங்க பாக்க முடியும்?" ஒரிஜினல்காரர் எழுந்து நின்றார். கண்ணில் நீர். "இதுதான்டி. ஒரிஜினல்!"

மெக்கானிக் வந்து, முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, தன்னுடைய பம்ப்பைத் தானே மாட்டினார். லாரி இருமியது, கரும்புகை கக்கியது, பிறகு கொட்டகைத் தகரம் அதிர உறுமியது. உள்ளே அடைந்திருந்த கோழி ஒன்று அலறிக்கொண்டு வெளியே பாய்ந்தது. தெருவே வந்து வேடிக்கை பார்க்க, ஒரிஜினல்காரர் லாரியை வெளியே எடுத்து, கர்னலின் மனை வரைக்கும் தானே ஓட்டிக்கொண்டு போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளும் அவர் போவதைப் பார்க்கவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் தலைமை ஆசிரியை வந்தபோது கொட்டகை நடுவில் துணி வெட்டும் மேஜை இருந்தது. தரையில் எண்ணெய்க் கறை இருந்தது. "பரவால்லம்மா, காத்தோட்டமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் ஒரிஜினல்காரரைச் சும்மா விட்டுவிடலாம். ஆனால் இந்தப் பிறவிக்குக் கிடைத்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியுமா? பம்ப்பைப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். எங்கே கிடைத்தது என்ற கேள்விக்கு, "ஒரு எடத்துல" என்றார். கதவுக்கு முட்டுக் கொடுக்க முடியாமல் போன கர்னல் வயிற்றெரிச்சலை விழுங்கிக்கொண்டு எண்ணுக்குப் பொருள் சொன்னார். பதினாறு, தொழிற்சாலை. பதினெட்டு, வண்டி வகை. நாற்பத்து மூன்று? வேறென்ன, வருடம்! போரின் உச்சக்கட்டம்! குழு மெய்சிலிர்த்தது. போன வருடத்து அளவைச் சொல்லியிருந்தால் போர் ஓராண்டு முன்னதாகப் போயிருக்கும் என்பது தையற்காரிக்கு மட்டும் தெரியும். அப்போது அவர் மார்பு நாற்பத்திரண்டு.

பிறகு, வேறு ஊர்களிலிருந்து ஆட்கள் அந்த எண்ணைக் கேட்டு எழுத ஆரம்பித்தார்கள். ஒருவர் தன்னிடம் இருந்த பம்ப்பில் அந்த எண் இல்லையென்று அதைப் போலி என்று தூக்கி எறிந்துவிட்டாராம். அது ஒருவேளை அசலாகவே இருந்திருக்கலாம். யார் கண்டது?

சீருடை வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் ஒரிஜினல்காரர் கொட்டகைக்குள் வந்தார். முகத்தில் பழைய வெறி திரும்பியிருந்தது.

"கர்னல் ஒண்ணு சொல்றார். பதினாறு, பதினெட்டு, நாப்பத்தி நாலுன்னு அடுத்த வருஷத்து பம்ப் ஒண்ணு கண்டிப்பா இருக்கணுமாம். ஸ்பேருக்கு அதையும் தேடிப் பிடிச்சாகணும். கெடைக்கும்ங்கற?"

தையற்காரி நாடாவை எடுத்து அவர் மார்பைச் சுற்றிப் பிடித்தாள். புதுச் சட்டைக்கு அளவெடுக்கிறாள் என்று நினைத்து அவரும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"கெடைக்குங்க" என்றாள். "ராத்திரியில இப்படியே ரெண்டாந்தரம் போட்டுச் சாப்பிட்டீங்கன்னா, சீக்கிரமே கெடைக்கும்."

அவருக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரிந்தது, சிரித்தீர்கள். நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன். பதினாறு, பதினெட்டு, நாற்பத்து மூன்று என்று படித்தபோது, இப்படி ஒரு எண் நிஜமாகவே இருக்குமோ, ஒரு தடவை தேடிப் பார்த்தால் என்ன என்று விரல் லேசாக ஊறியதா, இல்லையா? அல்லது, எங்கேயோ பார்த்த மாதிரி இருந்ததா?

இருந்தால், தேடுவதற்கு முன்னால் உங்கள் சட்டைக் காலரை ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.