பதினொரு கிலோ ஓய்வூதியம்

முதியோர் ஓய்வூதியத்தைச் சீர்திருத்த அமைக்கப்பட்ட உயர்நிலைக் குழு, மூன்றாண்டுகள் கூடித் தேநீர் அருந்தி ஓர் உண்மையைக் கண்டறிந்தது. அரசாங்கத்திடம் இருந்த உருப்படியான பட்டியல் ஒன்றே ஒன்று. அறுபது வருடங்களுக்கு முன் நோஞ்சான் குழந்தைகளுக்குப் பால்மாவு கொடுத்த திட்டத்தின் பட்டியல் அது. பால்மாவு நின்று நாற்பது வருடமாகியும் அந்த அலுவலகமும் தராசும் எடை அலுவலர் பதவியும் அப்படியே இருந்தன. எனவே, "பழைய திட்டத்தின் விதிகளுக்கு யாதொரு பங்கமுமின்றி" அந்தப் பட்டியலில் இருந்தவர்களுக்கு ஓய்வூதியம் வழங்க ஆணை பிறந்தது.

கண் மங்கி, ஊசியில் நூல் கோக்க முடியாமல் கடையை மூடிவிட்ட தையற்காரர் மகளோடு அந்த அலுவலகத்துக்குப் போனார். மகள் அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. விண்ணப்பத்தை மூன்று முறை சரிபார்த்திருந்தாள்.

எடை அலுவலர் ஒரு மஞ்சளேறிய அட்டையைத் தேடி எடுத்தார்.

"குழந்தை எங்கம்மா?"

"குழந்தையா? இவர்தான் சார். எங்கப்பா."

"அட்டையில மூணரை வயசு. அதுக்கப்புறம் எடை போட வரல. அதனால மூணரைதான்."

"மீசையே நரைச்சுப்போச்சுங்களே!" என்றார் தையற்காரர்.

"மீசைக்கு அட்டையில கட்டம் இல்லைங்க. கூட வந்தவங்க கையெழுத்துப் போடுங்க."

அந்த இடத்தில் 'தாய்' என்று அச்சிட்டிருந்தது. மகள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"நான் மகள் சார். பொய் எழுத மாட்டேன்."

"அரசாங்கம் அச்சடிச்சதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டா அது எப்படிம்மா பொய்யாகும்?"

"போடும்மா. வீட்டுல நீதான என்னை அதட்டிக்கிட்டு இருக்க" என்றார் அப்பா.

போட்டாள்.

"பதினாலு கிலோவத் தாண்டினா குழந்தை தேறிடுச்சுன்னு உதவிய நிறுத்திடுவோம்" என்றார் அலுவலர்.

"ஐயோ, நான் அம்பத்திரண்டு கிலோ!"

"அதுக்குத்தான் ஸ்டூல் போட்டிருக்கு. உக்காந்து ஒரு காலை மட்டும் தட்டுல வைங்க. ம்... பதினொண்ணு. பாவம், சவலைப் பிள்ளை."

ஓய்வூதியம் வந்தது. ஊரும் பழகிக்கொண்டது. தட்டில் காலை மிதமாக வைப்பதற்குப் பயிற்சி வகுப்புகள் முளைத்தன. செருப்புக் கடையில் 'எடை நாள் செருப்பு' வந்தது. வரிசையில் பெருமை வேறு.

"போன மாசம் பத்தே முக்கால்!"

"போய்யா, நான் ஒன்பதரை."

மகள் மட்டும் யாருக்கும் சொல்லாமல் குழுவுக்கு மனு மேல் மனு எழுதினாள். ஒரு நாள், என்ன கோளாறோ, அதை யாரோ படித்துவிட்டார்கள். 'அறுபது நிறைந்த அனைவருக்கும் ஓய்வூதியம். அட்டை வேண்டாம், எடை வேண்டாம்' என்று புது ஆணை வந்தது.

அம்மாவுக்கு நம்பவே முடியவில்லை. கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்து நாற்பது வருடம் பொத்தான் தைத்தவள் அவள். கொழுகொழுவென்று பிறந்ததால் பால்மாவு இல்லை, அட்டை இல்லை, ஓய்வூதியமும் இல்லை.

"அப்ப எனக்கும் உண்டா?"

தையற்காரர் முகம் சுருங்கியது. "கொழுத்துப் பொறந்தவங்களுக்கும் குடுத்துட்டா, சவலையாப் பொறந்த எங்களுக்கு என்னடி மரியாதை?"

சாயங்காலத்துக்குள் மொத்த வரிசையும் தெருவில் நின்றது. பயிற்சி ஆசிரியர்களும் செருப்புக் கடைக்காரரும் முன்னால் நின்றார்கள். "தொடாதே, தொடாதே! தராசைத் தொடாதே!"

பிழையில்லாமல் மனு எழுத அந்தத் தெருவில் ஒருத்திதான் இருந்தாள்.

"என்னால முடியாதுப்பா. அந்த ஆணை நான் கேட்டு வாங்கினது."

"மெதுவாப் பேசு! செருப்புக் கடைக்காரன் காதுல விழுந்தா நம்மள ஊர்ல இருக்க விடமாட்டான்."

எழுதினாள். ஒரு பிழை இல்லை. தாள் தெருவெல்லாம் சுற்றித் திரும்பியபோது, கடைசிக் கையெழுத்து அம்மாவுடையது.

"நீயுமாம்மா?"

"எல்லாரும் போட்டாங்க. நான் மட்டும் போடலைன்னா, வர்றதும் நின்னுடும்னு உங்கப்பா சொன்னாரு."

மக்களின் ஏகோபித்த விருப்பத்துக்கிணங்க ஆணை திரும்பப் பெறப்பட்டது. தராசுக்கு எண்ணெய் விடப்பட்டது.