எஃப் கார்டின் மேல் தையற்காரன் படையெடுத்த படலம்

வாழ்க, வாழ்க! அளவுநாடாவை மாலையாய் அணிந்த மார்பனும், காதிடைச் செருகிய சுண்ணக்கட்டியையே வாகைப்பூவாய்ச் சூடியோனும், கூனல் முதுகுக்கும் நிமிர்ந்த சட்டை தைக்கும் கூர்விழியோனும், நாற்பத்தாறு வயதில் கிதார் தூக்கிய நெஞ்சுரத்தோனுமாகிய தையற்காரன் வாழ்க!

சைக்கிள் கடையின் மாடியில், ஒரு சோபாவும் ஒரு மின்விசிறியும் காவல் நிற்கும் சிற்றறையே போர்க்களம். அங்கே அவனுக்குக் கிதாரும் பாட்டும் ஒருங்கே கற்பித்தாள், அவனுடைய தங்கை வயதுகூட ஆகாத டீச்சர். அவள் தந்த மழைப்பாட்டில், கம்பிகளைச் சேர்த்தழுத்தும் பிடிகளாகிய கார்டுகள் நான்கே. சி பணிந்தது. ஜி திறை செலுத்தியது. ஏ மைனரோ முதல் வாரமே வந்து காலில் விழுந்தது. எஃப் ஒன்றே, ஆறு கம்பிகளையும் ஒற்றைச் சுட்டுவிரலால் ஒருசேர நெரித்தாலன்றி வாய் திறவேன் என்று வஞ்சினம் கூறி வழிமறித்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மாணவர் கச்சேரி. இன்று எஃப் ஒலித்தால் அவனே வாசித்துப் பாடலாம். ஒலிக்காவிடில் கிதார் டீச்சர் மடிக்குப் போய்விடும், அவன் வெறுங்கையோடு நின்று பாடவேண்டும். மனைவியின் அண்ணனோ, "காஜா எடுக்கிற கைக்குக் கிதாரா மாப்ளே?" என்று கடையில் நாலு பேர் முன்னால் சிரித்ததோடு அமையாது, முதல் வரிசையில் நாற்காலியும் கேட்டு வாங்கியிருந்தார்.

எழுந்தது போர். இடியுண்ட நாகம்போல் சுட்டுவிரல் கம்பிகளின்மேல் விழுந்தது. எழுந்த ஓசையோ, ஈரச்சாக்கை உதறியது போல் ஒரு 'டப்'. அவமானம் வெளியே கேளாதிருக்க வீரன் தன் குரலை மதங்கொண்ட களிறென அவிழ்த்துவிட்டான். கீழே சைக்கிளுக்குக் காற்றடித்தவர் பம்பை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார்.

"அண்ணே, எஃப் வர்ற எடத்துல மட்டும் எதுக்கு இப்படிக் கத்துறீங்க?"

"உணர்ச்சி, டீச்சர்."

"அந்த எடத்துல வர்ற வார்த்தை 'குடை'ண்ணே. குடைக்கு எதுக்கு இவ்ளோ உணர்ச்சி?"

நாணமெனும் வேல் தைத்த நெஞ்சினனாய், அவன் டீச்சர் தண்ணீர் குடிக்கத் திரும்பிய கணத்தில், தலைமுறை தலைமுறையாய்த் தன் குலத்தாரை ஊசிமுனையினின்று காத்த கவசத்தை, விரல்நுனியில் மாட்டும் அந்த இரும்புத் தொப்பியைச் சட்டைப்பையிலிருந்து உருவிச் சுட்டுவிரலில் அணிந்து, மீண்டும் பாய்ந்தான். அந்தோ! இரும்பும் இரும்பும் மோதிக் கவசம் கம்பிவழியே சறுக்கிற்று. வால் மிதிபட்ட பூனைகள் நூறு ஒருங்கே அலறின.

"ஐயோ, கழட்டுங்கண்ணே அதை! கம்பிய தைக்கவா போறீங்க?"

கவசம் களைந்தான். பல்லைக் கடித்தான். தொண்ணூறு சட்டைகளின் காலரைத் திருப்பிய தோள்வலி அனைத்தையும் அந்த ஒரு விரலுக்குள் வடித்து, முழங்கையை விலாவோடு இறுக்கி, கட்டைவிரலைப் பின்னணிப் படையாய் நிறுத்தி, கண்மூடி அழுத்தினான். ஆகா! ஆறு கம்பிகளும் ஆறு முரசென, பிசிறின்றி, பிழையின்றி, அறையதிர முழங்கின. டீச்சரே எழுந்து நின்றுவிட்டாள்.

"வந்திருச்சுண்ணே! சூப்பர்! சரி, இப்ப சி-க்குப் போங்க."

அவன் போகவில்லை. பாட்டு சி-க்குப் போயிற்று, ஜி-க்கும் போயிற்று, விரல் மட்டும் எஃப்பிலேயே உடும்பெனப் பற்றி நின்றது. மழை பெய்தது, குடை விரிந்தது, வானவில்லும் வந்தது. யாவும் எஃப்பிலேயே நிகழ்ந்தன.

"அண்ணே, விடுங்க! மத்த மூணும் வேணும்ல?"

"இத்தனை பாடுபட்டுப் பிடிச்சதை எப்படி டீச்சர் விடுறது? விட்டா மறுபடி வருமா?"

டீச்சர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு மெல்லக் கை நீட்டினாள். கோட்டை ஒன்றைக் கைப்பற்றி நாடு முழுதும் இழந்த கொற்றவன், தன் கிதாரை அந்தக் கையில் வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் கிதார் வாசித்தார், தையற்காரர் பாடினார், மச்சான் காய்ச்சல் என்று வரவே இல்லை.