தானாக இறங்கும் கிளட்ச்

இந்த வீட்டில் ஒரு பொருளாவது தன் பேச்சை மட்டும் கேட்க வேண்டும் என்று அவர் முடிவெடுத்தது ஒரு காலையில், பல் விளக்கிக்கொண்டிருந்தபோது. மனைவி பின்னால் வந்து நின்று கண்ணாடி வழியாக அவரைக் கவனித்தாள்.

"கீழ உள்பக்கம் விட்டுட்டீங்க."

அவர் உள்பக்கம் தேய்த்தார்.

"அழுத்தாதீங்க. சுத்தி விடுங்க."

சுற்றி விட்டார். அவள் பல் மருத்துவர். அவள் முன்னால் வாயைத் திறந்த யாரும் இதுவரை பேசியதில்லை. கணவர் மட்டும் விதிவிலக்காக முடியுமா? அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிற வேலை. 'இது தெளிவா, அது தெளிவா' என்று நாள் முழுக்கக் கேட்டு, எதிரே இருப்பவர் சொல்வதை ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டிலும் ஏறக்குறைய அதே உத்தியோகம்தான்.

ஆகவே ஒரு கார் வாங்குவது என்று தீர்மானித்தார்.

வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. ஆட்டோமேட்டிக். அவளுடையது. அவள் ஓட்டுவாள்; அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கலாமா என்று அனுமதி கேட்பார். அதனால்தான் அவர் கையால் கியர் போடுகிற வண்டியாகப் பார்த்துத் தேடினார். அவளுக்குக் கிளட்ச் தெரியாது. கற்றுக்கொள்ளும் பொறுமையும் இல்லை. அந்த வண்டிக்குள் அவள் என்றைக்கும் விருந்தாளிதான். இந்த யோசனை உதித்த அன்று அவர் தனியாகச் சிரித்ததைக் கடையில் இரண்டு பேர் பார்த்தார்கள்.

வண்டி ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில், தூசு படிந்த உறைக்குள் நின்றிருந்தது. கரிய சாம்பல் நிறம். சின்னது, தரையோடு தரையாகத் தாழ்ந்தது, பக்கத்துக்கு ஒரு கதவுதான். சாவியைத் திருப்பினால் யாரோ தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம். விற்றவர் ஒரு மருமகன். வண்டி, இறந்துபோன மாமனாருடையது.

"பெரியவர் ரேஸ் வண்டியா வெச்சிருந்தாரு?"

"டிரைவிங் வாத்தியாருங்க. வேகம்னா உசிரு."

"அப்புறம் ஏன் விக்கிறீங்க?"

"வீட்டுல யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க."

"கியர் வண்டிங்கறதாலயா?"

மருமகன் சாவியை உள்ளங்கையில் உருட்டினார். "கியரால இல்லீங்க," என்றார். பிறகு அவசரமாக, "கியராலதான்னு வெச்சுக்குங்களேன்," என்றார்.

கதவைத் திறந்ததும் தைல வாசனை வந்தது. இத்தனை நாள் மூடிக் கிடந்த வண்டிக்குள், இப்போதுதான் யாரோ நெற்றியில் தேய்த்துக்கொண்டதுபோல.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள் அது அவர் மானத்தை வாங்கிவிட்டது. இளம் வயதில் கற்ற கிளட்ச் காலுக்கு மறந்துபோயிருந்தது. மேட்டில் அணைந்தது. வளைவில் அணைந்தது. வாசலில், மனைவி பார்த்துக்கொண்டு நிற்கையில், ஒரு துள்ளு துள்ளி அணைந்தது.

"வண்டிக்கு விக்கலா?" என்றாள்.

"புது ஆளுன்னா அப்படித்தான். பழகணும்."

"பஸ்ஸு லாரி நடுவுல இப்படி நின்னா பின்னாடி வர்றவன் பழகற வரைக்கும் காத்திருப்பானா?" அவள் குரலில் கேலி இல்லை. அதுதான் அவரைச் சங்கடப்படுத்தியது. "இங்க பாருங்க. என் வண்டி ஒர்க்‌ஷாப்ல இருக்கு. அது வர்ற வரைக்கும் நீங்கதான் என்னை க்ளினிக்ல விடணும். நான் உக்காந்திருக்கும்போது ஒரு தடவ அணைஞ்சாலும் இத வித்துடணும். அணையலன்னா உங்க இஷ்டம்."

அவர் வாயைத் திறந்தார்.

"சரின்னு சொல்லுங்க."

"சரி."

மறுநாள் காலை பந்தயம் தொடங்கியது. அவள் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, புடவையைக் காலடியில் பரத்தி உட்கார்ந்தாள். க்ளினிக் போகும் வழியில் ஒரு மேடு உண்டு. மேட்டின் நெற்றியில் சிக்னல். வண்டி ஏறியது, சிவப்பு விழுந்தது. நின்றது. பச்சை வந்ததும் அவர் கிளட்ச்சைப் பட்டென்று விட்டார்.

அது மேலே வரவில்லை.

அவருடைய பாதம் மேலே வந்துவிட்டது. பெடல் மட்டும் கீழேயே இருந்தது. பிறகு, தூங்கும் குழந்தைக்குப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்திருப்பதுபோல, அவ்வளவு பதமாக அது மேலே வந்தது. வண்டி நழுவி நகர்ந்தது.

"பரவால்லயே," என்றாள் மனைவி, ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

அவர் தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். பெடல் ஒட்டியிருக்கும், எண்ணெய் போடாத பெடல். ஆனால் அவளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது பெடலில் ஒரு குறையும் இல்லை. வண்டி வழக்கம்போல மூன்று இடத்தில் அணைந்தது.

அதற்கடுத்த நாள் ஒரு நாய் குறுக்கே ஓடியது. அவர் பிரேக்கைத்தான் மிதித்தார்; கிளட்ச் அவருக்கு முன்பே தானாக உள்ளே போய்விட்டது. அவர் குனிந்து பார்த்தார். கறுப்பு ரப்பர் பெடல், மேலே கால் இல்லை, கீழே அழுந்தியிருந்தது. அதில் தேய்ந்த இடம் பளபளத்தது.

"ரோட்டப் பாருங்க," என்றாள் மனைவி.

நாள்தோறும் இதேதான். அவள் இருக்கும்போது வண்டி பால்மேல் ஆடைபோல் நகரும். அவள் இறங்கியதும் விக்கல். அவருக்குத் தைல வாசனை அடிக்கத் தொடங்கியது. அடிக்காத நேரத்தில் அடிக்குமோ என்று மூக்கு காத்திருந்தது. கடையில் ஒருவருக்கு எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தபோது, மேசைக்கடியில் தன் இடது கால் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டார்.

மனைவியிடம் சொல்ல முடியுமா? சொன்னால் வண்டி போய்விடும். சொல்லாவிட்டால் அந்த இன்னொருவரோடு ஓட்ட வேண்டும். தனக்கே தனக்கு என்று வாங்கிய ஒரே ஒரு பொருள்; அதிலும் முந்திக்கொண்டு ஒருவர்.

கடைசியில் அவர் மருமகனைத் தேடிப் போனார். நடந்தே போனார்.

"வாத்தியார் எப்படி இறந்தாரு?"

மருமகன் பெருமூச்சு விட்டார். "நீங்க கேக்க மாட்டீங்கன்னு நெனச்சேன். வண்டியிலதாங்க. ஒரு பொண்ணுக்குப் பழக்கிட்டு இருந்தாரு. சிவப்பு விழுந்துச்சு. வண்டி அழகா நின்னுச்சு. பச்சை வந்துச்சு. அந்தப் பொண்ணு கிளட்ச்ச விடுது, மேல வரவே இல்ல. திரும்பிப் பாத்தா மாமா நேரா ரோட்டையே பாத்துட்டு உக்காந்திருக்காரு. உசிரு இல்ல. கால் மட்டும் கிளட்ச்ச அமுத்திட்டு இருக்கு."

அவருக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. சில்லிட்ட பிறகுதான் ஒன்று உறைத்தது.

"இருங்க. அவர் பக்கத்து சீட்லதானே இருந்தாரு? அங்க ஏது கிளட்ச்?"

"வாத்தியார் வண்டியாச்சே. அந்தப் பக்கமும் பெடல் உண்டு, ரெண்டும் ஒரே கம்பியில. விரிப்புக்கு அடியில இருக்கும். நான் சொல்லலையா?"

அவர் வீடுவரை ஓடினார். பக்கத்து சீட்டுக்கு முன்னால் மண்டியிட்டு ரப்பர் விரிப்பைத் தூக்கினார். இருந்தது. அழுத்திப் பார்த்தார், அந்தப் பக்கத்துப் பெடலும் பணிவாகக் கீழே போயிற்று. பேயும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. இத்தனை நாளும் தன் வண்டியை, தன் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னலை வேடிக்கை பார்த்தபடியே அவள் ஓட்டியிருக்கிறாள். அவருக்குக் கோபம் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவர் பக்கம் நியாயமும் சேர்ந்து வந்தது.

மறுநாள் காலை மழை. அவள் நீளக் குடையோடு ஏறினாள். மேட்டுச் சிக்னலில் சிவப்பு. அவர் கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு, ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்த குரலில் கேட்டார்.

"நீதானே?"

"எது?"

"கிளட்ச். விரிப்பத் தூக்கிப் பாத்துட்டேன்."

"ஓ." அவள் கொஞ்சமும் பதறவில்லை. "முதல் நாள் நான்தான். கால்ல ஏதோ தட்டுப்பட்டுச்சு. நாள் பூரா காலாலதானே பல்லு குடையற மெஷின ஓட்டறேன். கை ஒருத்தர் வாய்க்குள்ள இருக்கும், கண்ணு பல்லுல இருக்கும், காலு பாட்டுக்கு வேகத்தக் கூட்டும் குறைக்கும். அந்தப் பழக்கத்துல அமுத்திட்டேன்."

"முதல் நாள் மட்டுந்தானா?"

"மட்டுந்தான்."

"பொய். அந்த நாய் வந்தப்ப யாரு?"

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் இருந்த குழப்பம் அவருக்குப் பிடிக்கவில்லை. "நீங்கதான்னு நெனச்சேன். நல்லா ஓட்ட வந்துடுச்சேன்னு சந்தோஷப்பட்டேன். ரெண்டாவது நாளே நான் கால எடுத்துட்டேங்க."

"ஏன் எடுத்தே?"

"பெடல் சூடா இருந்துச்சு." குரலைத் தாழ்த்தினாள். "யாரோ அதுவரைக்கும் கால் வெச்சிருந்த மாதிரி."

வைப்பர் ஒருமுறை போய் வந்தது. மழைக்காக ஏற்றிவிட்ட கண்ணாடிகளில் மூச்சின் ஆவி படிந்திருந்தது.

"சும்மா பயமுறுத்தாத."

"வேணும்னா பாருங்க." அவள் இரண்டு கால்களையும் தூக்கி சீட்டின்மேல் மடக்கி வைத்துக்கொண்டாள். குடையை முன்னால் ரப்பர் விரிப்பின்மேல் ஊன்றி, அதன் பிடியில் இரண்டு கைகளையும் வைத்து, பூங்காவில் உட்காரும் பெரியவர்களைப் போல் சாய்ந்தாள். அவர் அந்தக் கால்களையே பார்த்தார். பத்து விரல்களும் வெளிச்சத்தில் இருந்தன.

பச்சை விழுந்தது.

அவர் பாதம் தரையில்தான் இருந்தது. கிளட்ச் மெதுவாக, மிக மெதுவாக, உள்ளே இறங்கியது.

பின்னாலிருந்து ஹாரன்கள் அலறின. கை தன்னிச்சையாக முதல் கியரைப் போட்டது. பெடல் பதமாக மேலே வந்தது. வண்டி மேட்டில் ஒரு குலுக்கல் இல்லாமல் ஏறியது. அவர் தைல வாசனையை மூக்கு நிறைய உணர்ந்தார். சிக்னலைத் தாண்டியதும் ஓரங்கட்டி, கதவைத் திறந்து மழையில் போய் நின்றார்.

"வித்துடலாம்," என்றார். பல் தந்தியடித்தது.

"எதுக்கு? ஒரு தடவகூட அணையலையே. பந்தயத்துல நீங்கதான் ஜெயிச்சீங்க." அவள் நகர்ந்து அவருடைய இடத்துக்கு வந்தாள். சீட்டை ஒரு இழுப்பு முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் திருப்பினாள். "நனையாதீங்க. ஏறுங்க, நேரமாச்சு."

"உனக்குத்தான் கியர் வராதே!"

"காலுக்கு வந்தாச்சு. கைதானே? பக்கத்துல உக்காந்து பாத்துட்டுத்தானே இருந்தேன்."

காலுக்கு எப்போது வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. அவர் சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"ஐயோ, அங்க இல்ல," என்றாள்.

"ஏன்?"

"அவரு இருக்காருல்ல."

அவர் அந்தக் காலி சீட்டைப் பார்த்தார். அதை மரியாதையாக மடக்கி, பின்னால் இருந்த இடுக்கில் முழங்காலை முகவாயோடு ஒட்டவைத்துக்கொண்டு நுழைந்தார். அவள் சீட்டை நிமிர்த்தி, கைப்பையையும் குடையையும் அதன்மேல் வைத்தாள். வண்டி நகர்ந்ததும், முன்சீட்டில் ஆள் பெல்ட் போடவில்லை என்று அது கீச்சிடத் தொடங்கியது.

"பாத்தீங்களா?" என்றாள் மனைவி. கையை நீட்டி, காலி சீட்டுக்கு பெல்ட்டை மாட்டிவிட்டாள். கீச்சொலி நின்றது.

இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டி அவர் எட்டிப் பார்த்தார். அவள் கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும், யாருமில்லாத அந்தப் பக்கத்தில், விரிப்போடு சேர்ந்து பெடல் தானாக இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அவளுடைய ஆட்டோமேட்டிக் அடுத்த வாரம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து திரும்பியது. அதை விற்றுவிட்டார்கள். வீட்டுக்கு இரண்டு வண்டி எதற்கு?

கடையில் பிரேம் அடுக்குகிறவர், அவருடைய வண்டி ஆசையை ஆரம்பத்திலிருந்து கேட்டவர், ஒருநாள் மத்தியானம் ஆவலாக விசாரித்தார்.

"என்ன சார், ரேஸ் வண்டி எப்படிப் போகுது?"

"ரொம்ப நல்லாப் போகுது," என்றார் அவர். "பின்சீட்டுதான் கொஞ்சம் இடுக்கு."