பிச்சைமணியின் ஏழு கிலோ கம்பி

கூடத்தில் எதுவோ விழுந்த சத்தம் கேட்டு, காமாக்ஷி தோசைத் திருப்பியோடு ஓடி வந்தாள். பிச்சைமணி வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். காலடியில் ஒரு நீளமான இரும்புக் குழாய். அதற்குப் பக்கத்தில் கழுத்தொடிந்த குத்துவிளக்கு.

"என்னன்னா இது?"

"எக்ஸர்ஸைஸ்."

"விளக்குக்கா?"

பிச்சைமணி குழாயைக் காலால் ஓரம் தள்ளினார். ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதர் குழாயைத் தூக்கி மடக்கப் பழகுகிறார் என்றால் காரணம் இல்லாமலா இருக்கும்? காரணம், போன ஸ்ரீராமநவமி.

கொச்சி மட்டாஞ்சேரி சமூக மடத்தில் ராமநவமிக்குச் சக்கைப் பிரதமன், அதாவது பலாப்பழப் பாயசம், நைவேத்யம். அடுப்படியிலிருந்து சன்னிதிவரை அந்தப் பெரிய வெண்கல உருளியை ஆளுக்கு ஒரு காதாக, இரண்டு பக்கக் கைப்பிடியையும் பிடித்து, இரண்டே பேர்தான் தூக்கி வரவேண்டும். இடது காது நாலு தலைமுறையாகப் பிச்சைமணி குடும்பத்துக்கு. வலது காது காமாக்ஷியின் தம்பி வெங்கிடராமன் குடும்பத்துக்கு. போன வருஷம் பாதி வழியில் பிச்சைமணியின் கை நடுங்கி, உருளி சாய்ந்து, அவர் வேஷ்டியிலேயே இரண்டு கரண்டி சிந்திவிட்டது. இரண்டே கரண்டிதான். ஆனால் மட்டாஞ்சேரியில் இரண்டு கரண்டி பிரதமன் சிந்தினால் ஆலுவா வரைக்கும் இனிக்கும்.

"அத்திம்பேருக்கு வயசாச்சு," என்று வெங்கிடராமன் எல்லோர் முன்னாலும் சொன்னார். "அடுத்த தடவையும் சிந்தினா, இடது காதை என் பையன் ரோஹனுக்கு விட்டுக் கொடுத்துடணும்."

"செரி" என்று ரோஷத்தில் சொல்லிவிட்டார் பிச்சைமணி. ரோஷத்துக்கு என்ன, வாயால் சொல்லிவிடும். தூக்க வேண்டியது கை.

அந்த ரோஹனே காக்கநாட்டு ஆபீசிலிருந்து ஃபோனில் யோசனை சொன்னான். "நேர் குழாய் வேண்டாம் அத்திம்பேர், மணிக்கட்டு போயிடும். கர்ல் பார்னு கேளுங்கோ. நடுவிலே வளைஞ்சு வளைஞ்சு இருக்கும், கைக்குச் சுகம். வெறும் கம்பி ஏழு கிலோதான். வெறுங்கம்பியைப் பத்து தடவை சுலபமா மடக்கினப்புறம் வெயிட்டு மாட்டிக்கலாம். ஆன்லைன்ல நான் போட்டுடட்டா?"

"தொட்டுப் பார்க்காம நான் இதுவரை ஒண்ணும் வாங்கினதில்லேடா."

அது உண்மை. பிச்சைமணி சுக்குத் தரகர். அவர் கண்ணை மூடிக்கொண்டு மூட்டைக்குள் கையை விட்டால் போதும், எந்த மலைச் சுக்கு, எத்தனை வெயில் கண்டது என்று உள்ளங்கை சொல்லிவிடும். முப்பது வருஷத்தில் அந்தக் கை ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை. அதற்கு இரண்டே விதி. ஒன்று, கை பேசும்போது விற்பவன் வாய் திறக்கக் கூடாது. இரண்டு, குணம் பார்ப்பது தரகன் கை, எடை பார்ப்பது தராசு. எடையைக் கையால் சொல்கிற தரகனைப் பஜாரில் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் எதைத் தூக்கினாலும் எவ்வளவு கனம் என்று யோசிக்கிற பழக்கமே அவருக்கு இல்லாமல் போய்விட்டது.

எர்ணாகுளத்து உடற்பயிற்சிச் சாமான் கடையில் பதினோரு வளைந்த கம்பிகளைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினார். ஒன்று வழுக்கியது. ஒன்று சுரண்டியது. ஒன்றின் வளைவு கட்டைவிரலோடு சண்டை போட்டது. கடைக்காரர், "சேட்டா, இது என்ன, பெண்ணு பார்க்கலா?" என்று கேட்டதும் இறங்கி வந்துவிட்டார்.

கடைசியில் அந்தக் கம்பி கிடைத்தது மட்டாஞ்சேரியிலேயே, பரீத் ராவுத்தரின் பழைய இரும்புக் கடையில். மூலையில் சாய்ந்து கிடந்தது. இரண்டு இடத்தில் இதமான வளைவு. தடிமனாக, வழவழப்பாக, பிடித்தால் உள்ளங்கை நிறைந்தது. பிச்சைமணி கண்ணை மூடினார்.

"சாமி, அது வந்து..." என்று ஆரம்பித்தார் பரீத்.

"பேசப்படாது!"

"அல்ல சாமி, அது எவிடெ இருந்து வந்ததுன்னா..."

"பரீதே, சரக்கு பேசறது. நீ சும்மா இரு."

பரீத் வாயை மூடிக்கொண்டார். கம்பியை அவரும் ஆட்டோக்காரருமாகச் சேர்ந்து பிடித்து வண்டியில் ஏற்றினார்கள். 'என்ன மரியாதை!' என்று பிச்சைமணி நெகிழ்ந்துபோனார்.

வீட்டில் முதல் நாள் கம்பி முழங்காலுக்கு மேல் வரவில்லை. மூன்றாம் நாள் இடுப்பு வரை வந்தது, மடங்க மறுத்தது. மணிக்கட்டு மட்டும் துளிக்கூட வலிக்கவில்லை. கை தேர்ந்தெடுத்த கம்பி அல்லவா!

"சுகமா இருக்கு. ஆனா தூக்க முடியலே," என்றார்.

"ஏழு கிலோதானேன்னா?"

"அதான் வெக்கமா இருக்கு."

பலம் போதவில்லை என்று வேளைக்கு இரண்டு நேந்திரம்பழம் சாப்பிட்டார். வயிறு கெட்டு நாலு நாள் போயிற்று. தோளுக்குத் தைலம் தேய்த்தார். தைலக் கையில் கம்பி வழுக்கிக் கட்டிலில் விழுந்தது. கட்டிலுக்குக் கால் போயிற்று. அன்று முதல் தம்பதி பாயில் படுத்தார்கள். ஒரு காலை, பெருக்குவதற்காகக் கம்பியை நகர்த்தப் பார்த்த காமாக்ஷி, முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன்னா, எனக்கும் ஆகலே. ஏழு கிலோவை நகர்த்த முடியலேன்னா, நம்ம ரெண்டு பேருக்கும் ஏதோ வியாதியாக்கும்."

இருவரும் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அது இன்னும் பெரிய கவலையாகப் போயிற்று.

இதற்குள் வெங்கிடராமனுக்குச் செய்தி எட்டியது. அவரும் பளபளவென்று ஒரு கர்ல் பார் வாங்கிவிட்டார். ஒரு நாள் அக்காள் வீட்டில் சாயா குடிக்க வந்தவர் கூடத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன அத்திம்பேர், வெறுங்கம்பியா? நான் ரெண்டு பக்கமும் ரெண்டரை ரெண்டரை மாட்டிண்டு, மொத்தம் பன்னெண்டு கிலோவாக்கும் தூக்கறேன்!"

சொல்லிக்கொண்டே கம்பியைக் காலால் தள்ளிப் பார்த்தார். அது நகரவில்லை. தரையில் ஏதோ மேடு தடுக்கிறது என்று நினைத்திருப்பார். போகும்போது லேசாக நொண்டினார்.

வேறு யாராக இருந்தாலும் கம்பியைத் தூக்கிப் பரணில் போட்டிருப்பார்கள், அதாவது முடிந்திருந்தால். பிச்சைமணி விடவில்லை. தினம் விடிந்ததும் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ராமா ராமா என்று அந்தக் கம்பியோடு மல்லுக்கு நின்றார். இரண்டாவது வாரம் ஒரு தடவை மடக்கினார். ஒரு மாதத்தில் நாலு. சட்டைக் கை தோளில் இறுகியது. காமாக்ஷி அதை வீக்கம் என்று நினைத்து ஒத்தடம் கொடுத்தாள். அந்த மனிதரின் பிடிவாதத்துக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும்.

ராமநவமிக்கு முந்தின நாள், பத்து! சந்தோஷத்தில் ரோஹனைக் கூப்பிட்டார்.

"சூப்பர் அத்திம்பேர்! வெறுங்கம்பி முடிஞ்சுதா? இனிமேதான் ஆரம்பம்."

பிச்சைமணி ஃபோனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இரண்டு மாதம் உயிரைக் கொடுத்தது ஆரம்பத்துக்குத்தானா?

மறுநாள் காலை கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு, தனியாகவே பஜார் வழியாக நடந்துபோய், பரீத் கடை வாசலில் போட்டார்.

"எடுத்துக்கோ. எனக்கு ஆகலே."

"சாமி! இதைத் தனியாவா சுமந்து..."

"ஒண்ணும் சொல்லாதே பரீதே. மனசு செரியில்லே."

சமூக மடத்தில் கூட்டம். பிரதமன் வாசனை தெருமுனை வரை வந்தது. பரீத் வருஷா வருஷம் போலத் தூக்குப் பாத்திரத்தோடு வந்து முற்றத்து வாசலில் நின்றார். உருளியின் வலது காதைப் பிடித்த வெங்கிடராமன் புதுப் பட்டுக்கரை வேஷ்டியில் மினுங்கினார்.

"அத்திம்பேர், இப்பவே விட்டுக் கொடுத்தாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டா."

பிச்சைமணி காமாக்ஷியைத் தேடினார். அவள் தூணருகே கண் கலங்கி நின்றிருந்தாள். கடைசித் தடவையாக இருந்தாலும் நாலு தலைமுறை பிடித்த காது. துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடினார். ராமா, இந்த ஒரு தடவை மட்டும். இருந்த பலத்தையெல்லாம் திரட்டி ஒரே மூச்சில் தூக்கினார்.

ஐயோ என்று ஒரு கத்தல். சளக்கென்று ஒரு சத்தம்.

சிந்திவிட்டது. கண்ணைத் திறக்காமலே அவருக்குத் தெரிந்தது. இருந்தும் பிடியை விடவில்லை.

"மன்னிச்சுடுங்கோ," என்றார். "இடது காதை ரோஹனே எடுத்துக்கட்டும். ரெண்டு மாசம் பாடுபட்டும் வெறும் ஏழு கிலோவுக்கு மேல என்னால முடியலே."

மெல்லக் கண்ணைத் திறந்தார். அவருடைய காது நெஞ்சு உயரத்தில் நின்றது. எதிர்க் காது முழங்கால் உயரத்தில் தொங்கியது. அதைப் பிடித்துக்கொண்டிருந்த வெங்கிடராமனின் பட்டுக்கரை வேஷ்டி இடுப்பிலிருந்து கீழே முழுக்கப் பிரதமனாக இருந்தது.

முற்றத்து வாசலில் பரீத் ராவுத்தர் தொண்டையைச் செருமினார்.

"சாமி, இனியாவது பறைய விடுங்க, அது கர்ல் பார் அல்ல, மணல்திட்டுல முட்டி வளைஞ்ச மீன்பிடிப் படகோட எஞ்சின் ஷாஃப்ட்டாக்கும், இப்பத்தான் தராசுல வச்சேன், இருபத்துமூணு கிலோ!"