செல் பிறந்த வியாழக்கிழமை

மனிதகுலம் கவனிக்க: உயிர் பிறக்கும் இடம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. பெர்லினில், உடற்கூறு நிலையத்தின் இரண்டாம் மாடியில், கழிவறைக்கு அடுத்த அறையில், வரும் வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அது பெரியோர் முன்னிலையில் பிறந்து காட்டும்.

அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. உயிர்தான் இன்னும் சம்மதிக்கவில்லை.

"என்ன ஆச்சு, பூஷ்?" என்றார் பேராசிரியர் ஃபோன் கிரெல்விட்ஸ்.

"மறுபடியும் ரெண்டாப் பிளந்துடுச்சு, ஐயா," என்றார் உதவியாளர் லியோன்ஹார்ட் பூஷ், நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்காமல்.

"பிளக்கக் கூடாது!"

"தவளை முட்டைகிட்ட நானும் திங்கட்கிழமையிலேர்ந்து அதைத்தான் சொல்றேன்."

செடிகொடி எல்லாம் செல்லால் ஆனவை என்று ஒருவர் எழுதிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. விலங்கும் அப்படியே என்று அவருடைய நண்பர் எழுதினார். அந்தச் செல் எங்கிருந்து வருகிறது? பாகில் கற்கண்டு கட்டுவதுபோல வெறும் திரவத்தில் தானே திரள்கிறது என்றார்கள். இந்தக் கற்கண்டுக்குப் பேராசிரியர் எழுநூறு பக்கத்தில் விளக்கம் எழுதியிருந்தார். கண்ணால் பார்ப்பது ஒன்றுதான் மிச்சம். ஒற்றைச் செல்லான தவளை முட்டையோ தானே பிளந்து அடுத்த செல்லைப் பெற்றுக்கொண்டிருந்தது.

பூஷுக்கு வேண்டியதெல்லாம் ஒரு கையெழுத்து. பேராசிரியர் சிபாரிசுத் தாளில் அதைப் போட்டால் விரிவுரையாளர் பதவி. பதவி வந்தால் கல்யாணம். ஆறு வருஷமாகக் காத்திருக்கும் அடெல்ஹைட் இதுவரை பதினொரு மேசைவிரிப்புகளுக்குப் பூவேலை செய்து முடித்துவிட்டாள்.

ஃபிராவ் டூபெக் பத்து மணி ரொட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். நிலையத்தில் பெருக்குவதும் அவள்தான், ரொட்டியைத் தாளில் மடிப்பதும் அவள்தான்.

"என்னம்மா இது, வெண்ணெயில மண்ணீரல் படம் ஒட்டியிருக்கு?" என்றார் பேராசிரியர்.

"குப்பைக்கூடைத் தாள் ஐயா. ஒரு பக்கந்தானே கிறுக்கியிருக்கீங்க? நல்ல தாளு, வீணாக்கலாமா?"

பேராசிரியர் மண்ணீரலைச் சுரண்டிவிட்டுச் சாப்பிட்டார்.

"வில்லையில அழுக்கு இருக்கும், துடையும்," என்றார்.

பூஷ் துடைத்தார். பிளவு பளிச்சென்று தெரிந்தது.

"வில்லையே சரியில்லை. வேற நுண்ணோக்கி வாங்கிட்டு வாரும்."

பக்கத்துத் துறையில் கெஞ்சி வாங்கிவந்தார். பிளக்கும்போது நடுவில் விழும் மடிப்புகூடத் தெரிந்தது.

"உம்ம கண்ணுதான் கோளாறு! மூக்குக்கண்ணாடி போட்டுப் பாரும்."

போட்டுப் பார்ப்பதற்குள் இரண்டு நாலாகியிருந்தது.

"நீங்களே ஒரு தடவை பாருங்களேன், ஐயா."

"எழுநூறு பக்கம் எழுதினவன் எதுக்குய்யா பார்க்கணும்? வியாழக்கிழமை திரவத்துலேர்ந்து செல் வரணும். வரலேன்னா கையெழுத்தும் வராது."

செவ்வாய் மாலை பூஷ், பிளவைப் படிப்படியாக வரைந்து குறிப்பெழுதிய தாள்களையெல்லாம் கசக்கிக் கூடையில் எறிந்தார். உண்மை இருந்தால் கல்யாணம் நடக்காது என்றால் உண்மைக்கு அங்கே என்ன வேலை?

புதன்கிழமை முழுக்கப் பேராசிரியர் கதவைச் சாத்திக்கொண்டு உரை எழுதினார். பூஷ் தம் அறையில் கோழிமுட்டை வெள்ளைக்கருவில் எண்ணெய் சொட்டினார். ஒவ்வொரு துளியும் தன்னைச் சுற்றி மெல்லிய தோல் கட்டிக்கொண்டு, பிறந்த செல்லைவிட அழகாக உட்கார்ந்தது. முக்கியமாக, பிளக்கவில்லை.

வியாழன் பதினொரு மணி. பதக்கம் தாங்கிய பதினான்கு வயிறுகள் வரிசையில் நின்றன. பேராசிரியர் தொண்டையைச் செருமினார்.

"பெரியோர்களே! செல் வெறும் திரவத்துல கற்கண்டு மாதிரி திரளுதுன்னு நம்புற மூடர்கள் இந்தக் கட்டடத்துலயே இருக்காங்க. நான் சொல்றேன், செல்லுக்குத் தாய் இன்னொரு செல்தான்! அது நடுவுல மடிஞ்சு ரெண்டாப் பிளக்குது. என் இந்தக் கண்ணாலயே பார்த்தேன்!"

பூஷ் தாம் வைத்த கண்ணாடித் துண்டை நுண்ணோக்கியிலிருந்து உருவக் கை நீட்டினார்.

அதற்குள் பதவி வரிசைப்படி பெரியோரின் தலைவர் முதலில் குனிந்துவிட்டார். வெகுநேரம் பார்த்தார்.

"எங்கே பிளக்குது, கிரெல்விட்ஸ்? திரவத்துல தானா முளைச்சு உருண்டையா உட்கார்ந்திருக்கே?"

பேராசிரியர் பாய்ந்துபோய்ப் பார்த்தார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் அந்தக் குழாயில் கண் வைத்தது அதுதான் முதல் தடவை. பிறகு கண்ணாடித் துண்டை எடுத்து விரலால் தடவி, முகர்ந்தார்.

"எண்ணெய்! பெரியோர்களே, பழைய கொள்கைக்காரங்க எவ்வளவு தூரம் இறங்குவாங்கன்னு நீங்களே பாருங்க. பூஷ், உம்மை நம்பினேனே!"

பதினான்கு வயிறுகளும் ஒருசேரக் குலுங்கி வருத்தம் தெரிவித்தன. பேராசிரியர் சிபாரிசுத் தாளை இரண்டாகக் கிழித்தார், பிறகு நாலாக.

படிக்கட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பூஷின் அருகே ஃபிராவ் டூபெக் வந்து ஒரு ரொட்டியை நீட்டினாள்.

"ரெண்டு நாள்ல எப்படிம்மா மாறினார்? அதை யார் அவருக்குச் சொன்னது?"

"எனக்கென்ன தெரியும், டாக்டரய்யா? நேத்து உங்க கூடைத் தாள்லதான் அவருக்கு மடிச்சுக் கொடுத்தேன். ரொட்டி அப்படியே திரும்பி வந்துச்சு, தாளு வரலை. காய்ஞ்சிருக்கும், பார்த்துக் கடிங்க."